முப்பது எண்ணும் வரை

எங்கள் சூப்பர்வைசர் சார் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்ற அந்தக் காலை வேளை இன்னும் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. குன்னூரில் ஒரு பெரிய துணிக்கடையின் இரண்டாவது மாடி. கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஸ்டாக் ரூமில் அவர் விளக்குப் போட்டிருக்கவில்லை. அங்கே ஒரே ஒரு சன்னல். வெளியே மூடுபனி அந்தச் சன்னலை அடைத்துக்கொண்டு நின்றதால், அறைக்குள் வந்த வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீர்போல இருந்தது. ஸ்வெட்டர் மூட்டைகளுக்கு நடுவே வெறுங்காலோடு, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றி, தலையைக் கவிழ்த்தபடி அவர் நின்றிருந்தார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உதடு அசைவது தெரிந்தது. சாமி கும்பிடுகிறாரோ என்று தோன்றியது. காதைக் கொடுத்துக் கேட்டால், "பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது" என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் சின்ன வயதில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கொழுந்துக் கூடையை நான் தூக்கக் கூடாது என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தாள். அதனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் குன்னூருக்கு வந்து அந்தக் கடையில் சேர்ந்தேன். கூட வேலை செய்த இரண்டு பெண்களோடு மார்க்கெட்டுக்கு மேலே ஒரு அறையில் தங்கினேன். ஸ்வெட்டர், மப்ளர், குல்லா, கம்பளி, புடவை எல்லாம் விற்போம். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வரும் படுகர் குடும்பங்களோடு அவர்கள் பாஷையிலேயே நான்கு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டேன். மழை நாட்களில் கடைக்குள்ளேயே பனி நுழைந்து, தொங்கும் புடவைகளுக்கு இடையே மெல்ல நடந்து போகும். அந்த நேரங்களில் கீழே ரோட்டில் வண்டிகள் ஹாரன் அடிப்பதுகூட வேறேதோ ஊரில் நடப்பதுபோல் கேட்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு கனவுக்குள் நிற்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

நிற்கிறோம் என்பதுதான் அதில் முக்கியம். காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி நேரம். வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். மார்கழியில் அந்த மொசைக் தரை, ஓடையில் காலை வைத்ததுபோல் சில்லிடும். வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது வருடம் என் வலது குதிகாலில் வலி தொடங்கியது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால், குதிகாலின் நடுவிலிருந்து ஒரு குத்து கிளம்பி முழங்கால் வரை ஏறும். முள் ஏதும் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டதோ என்று கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பத்து அடி நடந்தால் குறையும், மாலையில் திரும்ப வரும். அம்மாவிடம் போனில் சொன்னேன். "மலையேறிக் கொழுந்து பறிக்கிற எங்களுக்கே கால் வலிக்கல. ஒரே எடத்துல நிக்கிறதுக்கா ஒனக்கு வலி?" என்றாள். பிறகு, "சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கால வையி புள்ள" என்றாள்.

வார விடுமுறை நாள் ஒன்றில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் குதிகாலை அழுத்திப் பார்த்துவிட்டுப் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். பாதத்துக்கு அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஒரு தடித்த நார் ஓடுகிறது என்றும், நின்றே வேலை செய்கிறவர்களுக்கு அது நைந்துபோகிறது என்றும், கெண்டைக்கால் தசை இறுகி அதை மேலும் இழுக்கிறது என்றும் என் காலிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். "ராத்திரி பூரா அது சுருங்கிக் கெடக்குது. நீங்க காலைல எந்திரிச்சு திடுதிப்புன்னு இழுக்குறீங்க. இழுக்குறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு இழுங்க" என்றார். எப்படிக் கேட்பது என்றும் காட்டினார். எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே காலை நீட்டி, துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல் விரல்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பிறகு சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முன்கால் முட்டியை மடக்கிச் சாய வேண்டும். எதுவானாலும் முப்பது எண்ணும் வரை அசையாமல், மூன்று தடவை. "நாலு நாள்ல சரியாயிரும்னு நெனைக்காதீங்க. மாசக்கணக்காகும். ஆனா விடாம செஞ்சீங்கன்னா போயிரும்" என்றார்.

அறைத் தோழிகளுக்கு என் துண்டு பெரிய வேடிக்கை. "காலங்காத்தால குதிரை ஓட்டுறாடி" என்பார்கள். நான் கடிவாளத்தைப் பிடித்தபடி முப்பது எண்ணுவேன். சன்னலுக்கு வெளியே லேம்ஸ் ராக் பக்கத்து மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எண்ணி முடிப்பதற்குள் சில நாட்களில் அது வந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் சூப்பர்வைசர் சார் என்னை வாசலில் நிறுத்தினார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் மப்ளர், கையில் ஒரு மர ஸ்கேல். அந்த ஸ்கேலால் யாரையும் அடித்ததில்லை. துணி அலமாரியில் லேசாகத் தட்டுவார், எல்லோரும் நிமிர்ந்து நின்றுவிடுவோம். ஒருநாள் மதியம் மாடியில் யாரும் இல்லாதபோது கம்பளிக் கட்டு ஒன்றின்மேல் நான் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேல் சத்தம் கேட்டு எழுந்தேன். "இன்னிக்கு நீங்க கீழ வாசல்ல நின்னு வர்றவங்கள வாங்கன்னு கூப்புடுங்க அம்மிணி" என்றார். அவ்வளவுதான். கடை மூடும் வரை, ரோட்டுக் காற்று நேராக அடிக்கும் அந்த வாசலில், "வணக்கமுங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். மாலைக்குள் அந்தச் சொற்களை வாய்க்குப் பதிலாக வலிக்கிற குதிகாலே சொல்வதுபோல் ஆகிவிட்டது. செருப்பை மாட்டும்போது படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த மனிதருக்கு ஒரு நாளாவது இப்படி வலிக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைப்பதில் பயனில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அரை வெளிச்சத்தில் அவரைப் பார்த்தபோது, என்ன செய்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. அவருக்கும் வலது கால்தான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அவர் அதைத் தப்பாகச் செய்துகொண்டிருந்தார். பின்னால் இருந்த பாதம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. நின்றுபோன வண்டியைத் தள்ளுகிறவர்போல் உடம்பை ஆட்டி ஆட்டித் தள்ளினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முகம் சுருங்கியது.

"சார், ஆட்டக் கூடாது" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மப்ளரைச் சரிசெய்தார். ஸ்கேலைத் தேடினார், அது எட்டத்தில் கிடந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "பின்னங்கால் பாதம் நேரா இருக்கணும் சார். குதிகால் தரையிலயே இருக்கட்டும். முன்னங்கால மட்டும் மடக்குங்க" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, பாதத்தை நேராக்கினார். குதிகால் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. பத்து எண்ணுவதற்குள் அவருடைய மூச்சு மாறியது. "இங்க புடிக்குது" என்று கெண்டைக்காலைக் காட்டினார். "அங்கதான் சார் பிடிக்கணும்" என்றேன்.

போனில் ஏதோ வீடியோ பார்த்துச் செய்தாராம். இரண்டு வருடமாக வலி. யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசருக்கு முட்டி வலி வந்து, அதை முதலாளியிடம் சொன்ன மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "மக காலேஜு ரெண்டாவது வருசமுங்க. இன்னும் ரெண்டு வருசம் நான் நின்னாகோணும்" என்றார். அதுவரை எங்களை மட்டும்தான் நிற்க வைத்திருக்கிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அந்த மாடியில் எங்களைவிட அதிக நேரம் நின்றவர் அவர்தான் என்பது அன்றுதான் மனதில் பட்டது.

அதற்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் அந்தச் சுவருக்கு முன் நிற்பது வழக்கமானது. யாரும் தப்பாகப் பேசிவிடக் கூடாதென்று அறைக் கதவை அகலத் திறந்து, மூடாமலிருக்க ஒரு ஸ்வெட்டர் மூட்டையை முட்டுக் கொடுத்து வைப்பார். சுவரின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். பேச்சு கிடையாது. நாப்தலின் உருண்டையும் புதுக் கம்பளியும் கலந்த வாசம். அவர் முணுமுணுப்பாக எண்ணுவார், நான் மனதுக்குள் எண்ணுவேன். முப்பது என்பது சின்ன எண்தான். ஆனால் அசையாமல் நிற்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே இடம் அகலமாகிக்கொண்டே போகும். பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் இடையில் மலை ரயில் ஒரு தடவை கூவி அடங்கும். இருபதுக்குப் பிறகு, இறுகிய தசை மெதுவாக இளகிக்கொடுக்கும்போது, வெளியே நகரும் பனிதான் காலுக்குள்ளும் நகர்கிறது என்று தோன்றும். உலகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு காரியமும் இல்லாத முப்பது நொடிகள் அவை.

ஒருநாள் அப்படி நிற்கும்போது, இருபத்திரண்டில் அவர் எண்ணுவது நின்றது. "அன்னிக்கு உங்களைய வாசல்ல..." என்றார். முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இருவத்தி மூணு" என்றார்.

ஆனால் மாடியில் ஒரு மாற்றம் வந்தது. நிற்க முடியாமல் யாராவது காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்தால், ஸ்கேலால் தட்ட மாட்டார். "அம்மிணி, உள்ள போயி ஸ்டாக்கு பாத்துட்டு வாங்க. அவசரமில்ல" என்பார். உள்ளே போனால் மூட்டைமேல் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம். முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒரு பெண் நிஜமாகவே மப்ளர்களை எண்ணிக்கொண்டு வந்து நின்றாள். "ஒக்காந்து எண்ணுங்க" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அதன் பிறகு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எங்களுக்கு ஒரு நாற்காலி கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. வேலை கொடுக்க இருந்தது. அதை வைத்து அவரால் முடிந்ததைச் செய்தார்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஜனம் அலை அலையாக ஏறிவந்தது. நான்கு மணி இருக்கும். என் குதிகால் இனி தாங்காது என்று சொல்லிவிட்டது. சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டாக் ரூமைக் கண்ணால் காட்டினார். நான் உள்ளே போய், உட்காராமல், சுவரில் கை ஊன்றி நின்றேன். பதினைந்துகூட எண்ணியிருக்க மாட்டேன். பின்னால் நிழல் தட்டியது. திரும்பினால் முதலாளி. கோயம்புத்தூரிலிருந்து பண்டிகை நேரத்தில் மட்டும் வருவார். அவர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் மரியாதையாகப் பேசப் பேசத்தான் எங்களுக்குப் பயம் கூடும்.

"ஏனுங்க அம்மிணி, செவுரு உளுந்துருமுங்களா? தாங்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

சுவரிலிருந்து கையை எடுத்தேன். லயத்துக்குத் திரும்பிப் போவதும், அம்மா எதுவும் கேட்காமல் கதவைத் திறப்பதும் கண்முன் ஓடியது. அதற்குள் சார் வந்துவிட்டார். நடையில் நொண்டல் தெரியாமலிருக்க அவர் எப்போதும் எடுக்கும் முயற்சியை அன்று எடுக்கவில்லை.

"நான்தானுங்க அனுப்பிச்சேன்" என்றார்.

"எதுக்குங்க?"

"அந்தப் புள்ளைக்குக் குதிகால்ல வலிங்க. நரம்ப இழுத்து உட்டா கொஞ்சம் நிக்க முடியுமுங்க."

"உங்குளுக்கு எப்படீங்க தெரியும்?"

சார் சிறிது நேரம் ஸ்வெட்டர் மூட்டையைப் பார்த்தார். "நானும் தெனமும் காலைல இங்கதானுங்க நின்னு இழுக்கறேன். எனக்கு ரெண்டு வருசமா இருக்குதுங்க" என்றார்.

வெளியே யாரோ கத்தரிப்பூ நிறத்தில் புடவை கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி குனிந்து சாருடைய பாதங்களைப் பார்த்தார். அந்தக் கால்கள் தன் கடையில் இருந்ததை அன்றுதான் கண்டவர்போல வெகுநேரம் பார்த்தார். "சொல்லவே இல்லீங்களே" என்றார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

பண்டிகை முடியும் வரை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் சாரை மேட்டுப்பாளையம் குடோனுக்கு மாற்றியதாகச் செய்தி வந்தது. வருகிற லோடைச் சரிபார்த்து எழுதிக்கொள்ளும் வேலை. மேசை உண்டு, நாற்காலி உண்டு. அது தண்டனையா, இரக்கமா என்று மாடியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று தளத்தில் அவர் சொல்லுக்கு நின்ற நாற்பது பேரை விட்டுவிட்டு, ஒரு தகரக் கூரையின் கீழ் தனியாகப் போய் உட்காரப் போகிறார் என்பது மட்டும் தெரிந்தது. என்னால்தான் என்றும் தோன்றியது. அந்தப் பதினைந்து நொடிகள் நான் வேறு எங்காவது நின்றிருக்கலாம்.

கடைசி நாள் காலையிலும் கதவுக்கு மூட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் வந்து நின்றார். மூன்று தடவையும் முழுதாக எண்ணினார். முடித்ததும், "உங்குளுக்கு இப்ப எப்படி இருக்குது?" என்றார்.

"காலைல முதல் அடி மட்டும்தான் சார் கொஞ்சம்."

"எனக்கும் அப்படித்தானுங்க. உட்றாதீங்க" என்றார். "என்னால உங்களுக்கு..." என்று நான் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒக்கார்ற வேலதானுங்க" என்று சொல்லிச் சிரித்தார். மகள் படிப்பை முடிக்கும் வரை அந்த வேலை இருக்கும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு நிஜம் என்று அளக்க எனக்கு வயது போதவில்லை.

என் வலி முழுதாகப் போக ஏழு மாதம் ஆனது. எந்த நாளில் போனது என்று தெரியவில்லை. ஒருநாள் காலையில் துண்டை எடுக்க மறந்து இறங்கி, அடுப்படி வரை நடந்துபோய்ப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான், எதுவும் குத்தவில்லை என்பதைக் கவனித்தேன். அடுப்பின் முன்னால் நின்று குதிகாலால் தரையை மெல்லத் தட்டித் தட்டிப் பார்த்தேன். இதைச் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. அவருடைய போன் எண்ணை நான் வாங்கிவைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்தக் கடையில் இருந்தேன். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து, தளத்துக்கு நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஏறின. முதல் நாள் அவற்றில் யாரும் உட்காரவில்லை. சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் ஊட்டிக்கும் கூடலூருக்கும் இடையே நடுவட்டம் என்ற ஊரில் இருக்கிறேன். கணவருக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை. உட்கார்ந்தே இருந்தாலும் கெண்டைக்கால் இறுகத்தான் செய்கிறது. அதனால் கடை திறந்ததும் கதவுச் சட்டத்தில் கை ஊன்றிக் கொஞ்ச நேரம் நிற்பேன். கூடலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் என்ன என்று பார்ப்பார்கள். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி, "எனக்கும் அங்கதான் வலி" என்று ஒருநாள் வந்து பக்கத்தில் நின்றாள். இப்போது வாரத்தில் நான்கு நாள் வருகிறாள். அவளுக்குப் பனியில் எண்கள் மறந்துவிடும். நான்தான் சத்தமாக எண்ணுகிறேன்.

போன தை மாதம் நூல்கண்டு வாங்கக் கோயம்புத்தூருக்குப் போனேன். பஸ் மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் நின்றது. மலையின் குளிர் உடம்பில் மிச்சமிருக்க, கீழ்நாட்டு வெயிலில் அரைத்தூக்கமாகச் சன்னலோரம் சாய்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பொள்ளாச்சி பஸ் புறப்பட்டு நகர்ந்தது. அதைப் பிடிக்க ஒருவர் ஓடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, மப்ளர் இல்லை. அதனால் அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையில் ஒரு துணிப்பை. அறுபது வயது மனிதர் வெயிலில் தார் ரோட்டின்மேல் ஓடினார். வலது குதிகால் முழுதாகப் பதிந்து எழுந்து, மறுபடி பதிந்தது. ஒரு அடியில்கூட நொண்டல் இல்லை. கண்டக்டர் கை நீட்டினார். அது தேவைப்படாதவர்போல் அவர் படியைப் பிடித்துத் தாவி ஏறப்போனார்.

சன்னல் கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டேன். சார் என்ற சொல் தொண்டை வரை வந்தது. என் குரல் கேட்டால் அவர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவரை நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.